ஒன்பதாம் நம்பர் கல்

1. மரச்சீனி விளையில் ஒரு முற்றுகை

செங்கல் என்ற ஊருக்குக் கிழக்கே, மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி போட்ட ஒரு விளையில் நாற்பது பேர் என்னை வளைத்துக்கொண்டு நின்றபோது என் கையில் ஒரு கறுப்பு பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் இருந்தன. தோள்பையில் ஒரு ஹேமர், மூன்று சிசல் உளி, ஒரு காம்பஸ், ஒரு ஃபீல்டு நோட்புக். ஒரு ஆளைச் சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்? எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம், விடமாட்டோம் என்று இன்னொரு பக்கம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் எந்தக் கடையில் சாயா குடித்தாலும் பேச்சு அதுதான். எல்லை பிரிக்கக் கமிஷன் வருகிறது, கோடு போடப் போகிறார்கள் என்று தினமும் ஒரு வதந்தி கிளம்பும்.

கூட்டத்தின் முன்னால் நின்றவர் பாக்கியநாதன். தொழில் தையல், அந்தப் பகுதிப் போராட்டக் குழுவுக்குச் செயலாளர். வேலைக்கு நடுவே எழுந்து வந்திருக்க வேண்டும், கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"எல்லைக்கல்லு நட வந்த ஆளு நீதான் ஆக்கும்," என்றார். "ஆரு அனுப்பினாவன்னு சொல்லிட்டு இஞ்ச இருந்து போ."

நான் கல் பொறுக்க வந்தவன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். கூட்டம் சிரித்தது. கல் பொறுக்கச் சர்க்கார் சம்பளம் கொடுக்குமென்றால் இந்த ஊரில் பாதிப் பேர் இதற்குள் தாசில்தார் ஆகியிருப்பார்களே என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. என் கோபத்துக்கு அழைப்பு வேண்டாம், தானாக வரும். அன்று அதை விழுங்கிவிட்டேன். காரணம், அவர்கள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது விளையில் என் கற்கள் இல்லை. ஒன்பது நாளுக்கு முன்னால் நம்பர் எழுதிவிட்டுப் போன பதினேழு கற்களில் ஒன்றைக்கூடக் காணோம். அந்த இடங்களில் புதிதாக மண் கூட்டி மரச்சீனிக் கம்பு நட்டிருந்தார்கள்.

அந்தப் பதினேழில் ஒன்பதாம் நம்பர் கல்லை நம்பித்தான் என் வேலை இருந்தது. எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2. காலியாகக் கிடந்த தட்டு

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் கனிம மியூசியத்தில் எனக்கு ஸ்பெசிமன் கலெக்டர் வேலை. பெயர்தான் பெரிது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக வேலை. ஊர் ஊராகப் போய்ப் பாறையைப் பார்த்து, நல்ல கிரிஸ்டல் இருந்தால் பெயர்த்து, பஞ்சில் பொதிந்து கொண்டுவர வேண்டும். கத்தரிப்பூ நிறத்தில் அமெதிஸ்ட், கடல் தண்ணீர் போலப் பெரில், மாதுளை முத்து போலக் கார்னெட் என்று கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக இருக்கும். என் சொந்த ஊரான அமரவிளையில் வீட்டார் என்ன சொல்லிக்கொண்டார்கள் தெரியுமா? 'பையனுக்குத் திருவனந்தபுரத்தில் காலேஜில் வேலை.' என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் அம்மாவுக்கு இருமல் வந்துவிடும்.

மியூசியத்தின் பொறுப்பாளர் மாதவன் சார். மலையாளி. என்னிடம் மலையாளத்தில் பேசுவார், நான் பாதி தமிழில் பதில் சொல்வேன், இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்.

"லேபல் இல்லெங்கில் அது வெறும் கல்லாணு, தங்கையா."

எங்கே கிடைத்தது என்று தெரியாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு வெறும் கல்தான். அதனால்தான் பெயின்ட். கல்லை உடைக்கும் முன் அது கிடக்கும் இடத்திலேயே நம்பர் எழுதி, நோட்புக்கில் அந்த இடத்தை அளந்து குறித்து, உடைத்த துண்டிலும் அதே நம்பரை எழுத வேண்டும். பிள்ளை மாறாமல் இருக்க ஆஸ்பத்திரியில் கையில் கட்டுவது போல.

கிரைசோபெரில் என்று ஒரு கனிமம் உண்டு. அதில் பூனைக்கண் போல ஒளிக்கோடு ஓடுகிற ஜாதியைத்தான் வைடூரியம் என்று மோதிரத்தில் பதிக்கிறார்கள். எங்கள் அலமாரியில் கிரைசோபெரில் பல இருந்தன, எல்லாம் வியாபாரிகளிடமிருந்து வந்தவை. எங்கே எடுத்தது என்று கேட்டால் வியாபாரி வாயைத் திறக்க மாட்டான். நடுவில் ஒரு தட்டை மட்டும் சார் பல வருஷமாகக் காலியாக வைத்திருந்தார். நம்முடைய மண்ணில், தாய்ப்பாறையில் உட்கார்ந்தபடியே இருக்கும் ஒரு கிரிஸ்டல், இடம் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒன்று, அதற்காக அந்தத் தட்டு. பிரின்சிபால் அந்தக் காலித் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் என்னையும் ஒரு பார்வை பார்ப்பார். அந்த வருஷம் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: விடுமுறைக்குக் கல்லூரி அடைப்பதற்குள் காட்டுவதற்கு ஏதாவது வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் இந்த முறையோடு கலெக்டர் வேலை தீர்ந்தது.

அந்த அவசரத்தில்தான் செங்கல் பக்கம் அலைந்தேன். எஸ்தர் அக்கா என்ற ஒருவருடைய அந்த மரச்சீனி விளையில் வெள்ளைக் கற்கள் கிழக்கு மேற்காக ஒரே நேர்கோட்டில் மண்ணுக்கு மேலே தலை காட்டிக்கொண்டிருந்தன. பாறைக்குள் நரம்பு மாதிரி ஓடும் வெள்ளைக் கல் அது; பெக்மடைட் வெயின் என்போம். கிரிஸ்டல் இருந்தால் அதில்தான் இருக்கும். கல் பார்த்துக்கொள்ளட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். பார்த்துக்கொள், அதற்கென்ன என்று சொல்லிவிட்டு அவர் சந்தைக்குப் போய்விட்டார். நான் ஒன்று முதல் பதினேழு வரை நம்பர் எழுதினேன். ஒன்பதாவது கல்லின் பக்கவாட்டில் மைக்கா ஏடுகளுக்கு நடுவே, கட்டைவிரல் அகலத்தில், கரும்பச்சையாக ஆறுபக்க விளிம்பு ஒன்று எட்டிப் பார்த்தது. நான் தேடி அலைந்த கிரைசோபெரில். என்னிடம் இருந்ததோ சின்ன ஹேமர். அதை வைத்து அடித்தால் கிரிஸ்டல் நூறு துண்டாகும். சாரையும் சரியான சிசலையும் கொண்டுவருவோம் என்று நோட்புக்கில் குறித்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாளே வர நினைத்தேன். ஹர்த்தால், ஊரடங்கு, அமரவிளை செக்போஸ்ட்டோடு பஸ் நின்றுபோனது என்று ஒன்பது நாள் ஆகிவிட்டது. சாருக்குக் காய்ச்சல் வேறு. சிசல்களை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் வருகிற வரை உடைக்காதே, இடத்தை மட்டும் காவல் பார் என்று அனுப்பினார்.

காவல் பார்க்கப் போன லட்சணம்தான் மேலே சொன்னது.

3. பதினாறு கல்

வெள்ளைக் கல், மேலே கறுப்பு நம்பர், நேர்கோடு. நில அளவைக்காரன் நடுகிற கல்லும் இப்படித்தான் இருக்கும். எனக்கு அது அதுவரை உறைக்கவே இல்லை. பத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிற இடத்தில், அந்தக் காலத்தில், அந்த வேலையைச் செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டியவன் நான்தான்.

நோட்புக்கைக் காட்டினால் நம்புவார்கள் என்று எடுத்து நீட்டினேன். அது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். பாக்கியநாதன் மிஷன் பள்ளியில் படித்தவர். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார். நம்பர் எட்டு, கிணற்றுக்குத் தெற்கே பதினாலு அடி. நம்பர் ஒன்பது, அடுக்களை வாசலுக்கு வடக்கே ஆறு அடி. காம்பஸ் டிகிரி இத்தனை. வாசித்து முடித்தபோது என்னை நம்பத் தயாராக இருந்த ஒன்றிரண்டு பேரும் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள்.

எஸ்தர் அக்கா முன்னால் வந்தார். பாக்கியநாதனின் அண்ணன் மனைவி, அவருக்கு மைனி, விதவை. அந்த விளையும் வீடும் அவருடையது.

"எனக்க கிணறு ஒரு நாட்டுல, அடுக்களை இன்னொரு நாட்டுலயா?" என்று கேட்டார். "வெள்ளம் கோர நான் பாஸ்போர்ட் எடுக்கணுமோ, தம்பி?"

நியாயமான கேள்விதான்.

என்னைப் பலா மரத்தடியில் உட்கார வைத்து, பையை வாங்கிக்கொண்டு, பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆளைப் பிடித்து வைத்தாலும் சாயா கொடுக்காமல் வைக்க மாட்டார்கள். சாயாவோடு விஷயமும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் நம்பர் எழுதிய மூன்றாம் நாள், கமிஷனின் ஆள்தான் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. கோடு அப்படியே இருந்தால் ஊர் இரண்டாகும். எனவே பாக்கியநாதன் தலைமையில் கற்களைத் தோண்டி எடுத்து, வடக்கே ஓடைக்கு அக்கரையில், நான் விட்டிருந்த அதே இடைவெளியில், அதே நம்பர் வரிசையில் நட்டிருக்கிறார்கள். இடைவெளியை அளந்தது அந்தத் தையல் டேப்பால். ஊர் முழுவதும் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் சுமந்தவர்கள் நெய்யாறு வரைக்கும் சுமந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டாராம். அவ்வளவு ஆள்பலம் இல்லாததால் ஓடைக்கரையோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

ஓடைக்கரைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். கற்கள் என் வரிசையை விடச் சுத்தமாக நின்றன. எண்ணிப் பார்த்தேன். எட்டு இருந்தது, பத்து இருந்தது. நடுவில் இடம் வெறுமையாக இருந்தது.

"ஒன்பது எங்கே?" என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லைக்கல்லைப் பெயர்த்தால் ஜெயில் என்று எல்லோருக்கும் தெரியும். பதினாறைப் பெயர்த்ததை நாற்பது பேருமாகச் சேர்ந்து ஒத்துக்கொண்டு விடலாம். காணாமல் போன ஒரு கல்லை எந்த ஒருவர் தலையில் கட்டுவது?

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்து நாலு வயது, ஊர் முன்னால் அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை. அந்தக் கல் போனால் என் வேலை போகும். அதோடு, சாரின் காலித் தட்டு அவர் ஓய்வு பெறுகிற வரை காலியாகவே கிடக்கும். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அழுகிற கமிஷன் ஆளைப் பாக்கியநாதன் அதற்கு முன்னால் கண்டதில்லை போலும். பக்கத்தில் குந்தினார். கல்லைக் கொண்டுபோய் என்ன செய்வாய் என்று கேட்டார். நான் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன்: கண்ணாடி அலமாரியில் வைப்போம், கீழே லேபல் வைப்போம், கல்லின் பெயர், எடுத்த ஊர், எடுத்தவர் பெயர் எழுதுவோம், கல்லூரி இருக்கிற காலம் வரை அது அங்கே இருக்கும்.

"எந்த பாஷையில எழுதுவிய?"

இங்கிலீஷிலும் மலையாளத்திலும் என்றேன். அவர் எழுந்து நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரைக்கும் பார்த்த ஆட்கள் அவர்கள். மூன்று தலைமுறையாகத் தமிழில் ஜெபம் செய்து, ரேஷன் கார்டிலும் பட்டாவிலும் தங்கள் ஊர்ப் பெயரைத் தங்கள் எழுத்தில் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள்.

"எனக்க ஊருக்க பேரைத் தமிழிலயும் எழுதித் தருவியா மக்கா? எழுதினா ஒனக்க கல்லை நான் தேடித் தாறேன்."

தருகிறேன் என்றேன். அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. மியூசியத்தில் லேபல் எழுதும் பேனாவைத் தொடக்கூட எனக்கு அனுமதி கிடையாது.

4. அடுக்களைச் சிவப்பு

எஸ்தர் அக்கா, வா தம்பி, மரச்சீனி தின்னலாம் என்று என்னை மட்டும் வீட்டுக்குள் கூப்பிட்டார். அந்த அடுக்களைக்கு ஜன்னல் கிடையாது. நல்ல பகலிலும் உள்ளே சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குடங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கல்லை இழுத்து என் முன்னால் வைத்தார்.

கொழுந்தனும் மற்றவர்களும் கற்களைச் சுமந்துகொண்டிருந்தபோது அவர் இந்த ஒன்றை மட்டும் உள்ளே உருட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். காரணத்தையும் சொன்னார். கமிஷனை அவர் நம்பவில்லை, கொழுந்தனையும் நம்பவில்லை. நடுவில் ஒரு கல் இல்லாவிட்டால் எவனாலும் கோட்டைச் சேர்க்க முடியாது அல்லவா? சேர்க்க முடியாத கோடு என்ன கோடு? அதற்குப் பிறகு பயம் வந்து, மண்ணெண்ணெயும் சாம்பலும் போட்டு நம்பரைத் தேய்த்து எடுத்துவிட்டார். அந்த வருஷம் எல்லைத் தகராறு பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டேன். அவ்வளவு தெளிவான யோசனையை நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

நான் விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கல் புகை படிந்து கறுத்திருந்தது. மைக்காவுக்கு நடுவே ஒரு விளிம்பு மின்னியது, நல்ல சிவப்பு. எங்கள் பக்கத்தில் சிவப்பு என்றால் கார்னெட். தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் கிடைக்கும்.

"இது இல்ல அக்கா," என்றேன். "எனக்க கல்லு பச்சை. இது வெறும் கார்னெட்டு. நீங்க எடுத்தது மாறிப்போச்சு."

நிச்சயமாகத்தான் சொன்னேன். மூன்று வருஷம் கல் பார்த்தவன் என்ற திமிர் வேறு. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஐந்து நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒளித்து வைத்த பொருளை ஒருவன் வந்து இது இல்லை என்கிறான்.

"அப்ப எனக்கும் வேண்டாம். முற்றத்துல களயுதேன். கார்னெட்டுக்காக ஜெயிலுக்குப் போக எனக்கு ஆவாது."

கல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன். முற்றத்து வெயிலில் பொத்தென்று போட்டார். போட்ட இடத்திலிருந்து அது பச்சையாக என்னைப் பார்த்தது.

நான் குனிந்தேன். கல்லைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினேன், சிவப்பு. முற்றத்துக்கு ஓடி வந்தேன், பச்சை. அக்கா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கொழுந்தனைக் கூப்பிட்டார். கிரைசோபெரிலில் அபூர்வமாக ஒரு ஜாதி உண்டு, பகலில் பச்சை, விளக்கில் சிவப்பு, அலெக்ஸாண்ட்ரைட் என்று பெயர் என மாதவன் சார் ஒருநாள் சொல்லியிருந்தார். நான் அதை ராஜா ராணிக் கதை கேட்பது போலக் கேட்டுவிட்டு மறந்திருந்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போதாதென்று, இது வெண்ணெயே இல்லை என்று சாதித்தும் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது திருவிழா. நாற்பது பேரும் வரிசையில் நின்று, அடுக்களையின் ஒரு வாசலில் நுழைந்து விளக்கு வெளிச்சத்தில் சிவப்பைப் பார்த்து, மறு வாசல் வழியாக முற்றத்துக்கு வந்து பச்சையைப் பார்த்தார்கள். கல்லை மாற்றி மாற்றிச் சுமந்தது நான். பாக்கியநாதன் மூன்று தடவை வரிசையில் வந்தார். கமிஷன் ஆள் என்று அதற்குப் பிறகு யாரும் என்னைச் சொல்லவில்லை.

5. கல் திரும்பிப் போனது

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. இடத்திலிருந்து பெயர்ந்த கல் வியாபாரியின் கல் மாதிரிதான். சார் கண்ணால் பார்க்கும்போது அது அதன் குழியில் இருக்க வேண்டும். இதை நான் சொன்னதும் பாக்கியநாதன் முதல் ஆளாக ஓடைக்கு அக்கரை போய் ஒன்றாம் நம்பரைத் தோளில் ஏற்றினார். பிறகு ஊரே ஏற்றியது. பன்னிரண்டாம் நம்பரைப் பெயர்த்தது யார் என்பதில் இரண்டு பேருக்குச் சண்டை. காலையில் ஒருவரும் ஒத்துக்கொள்ளாத குற்றத்துக்கு மத்தியானம் இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள்.

ஒன்பதாம் நம்பரின் குழி மேல் நட்டிருந்த மரச்சீனிக் கம்பை எஸ்தர் அக்காவே பிடுங்கினார். கல்லை வைக்கும் முன், பிடிப்பு சரியாக இருக்கட்டும் என்று குழியைக் கையால் துழாவினேன். அடியில் பாறை இருக்க வேண்டும். பாறை இல்லை. சிவந்த களிமண்ணில் கொழகொழவென்று கை உள்ளே போனது. விரலில் ஏதோ கூர்மையாகத் தட்டியது.

வெயினுக்குள் சில இடத்தில் வெற்றிடம் விட்டிருக்கும், பாக்கெட் என்போம். கிரிஸ்டல்கள் அதில் தாராளமாக வளரும். ஒன்பதாம் நம்பர் கல் அப்படிப்பட்ட ஒரு பாக்கெட்டுக்கு மூடியாக இருந்திருக்கிறது. நானும் சாரும் முறைப்படி வந்து, முறைப்படி மேல்பக்கத்தைச் செதுக்கி, ஒரே ஒரு கிரிஸ்டலோடு மகிழ்ச்சியாகத் திரும்பிப் போயிருப்போம். மூடியைத் திறந்தது ஊர்க்காரர்கள்தான், கமிஷனை ஏமாற்றப் போய்.

களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நாங்கள் சுளவு என்னும் முறத்தில் போட்டு, கிணற்று வெள்ளம் ஊற்றி அலசினோம். பதினொரு கிரிஸ்டல்கள். எல்லாம் ஆறுபக்கம், ஒன்று என் உள்ளங்கை அளவு. உள்ளே விரிசல் இருந்ததால் மோதிரத்துக்கு ஒன்றும் ஆகாது, எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்க மாட்டான். மியூசியத்துக்கோ அவை ராஜாக்கள். அந்தச் சுளவைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடலாம் போல இருந்தது எனக்கு. கொஞ்சம் ஆடவும் செய்தேன் என்று எஸ்தர் அக்கா பிற்காலத்தில் பலரிடமும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மாதவன் சார் காய்ச்சலோடு வந்தார். ஒன்பதாம் நம்பரின் அடியில் உடைந்த மைக்கா ஏடும், குழியின் ஓரத்தில் மிச்சமிருந்த ஏடும், உடைத்த தேங்காயின் இரண்டு மூடி மாதிரி பொருந்தின. சார் அந்தப் பொருத்தத்தை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் விளையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு முன் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

6. மூன்றாவது வரி

இனி என் வாக்கு. பஸ்ஸில் திரும்பும்போது சாரிடம் பயந்து பயந்து சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ஸ்தலத்தின்டெ பேரு அவிடத்துகாரு பறயுந்ந போலே எழுதணம். அது நம்முடெ சட்டமாணு."

ஊர்ப் பெயரை அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறபடியே எழுத வேண்டும், அது நம்முடைய சட்டம். இந்தச் சட்டம் வெகுநாளாகவே இருந்ததா, பஸ்ஸில் பிறந்ததா என்று நான் கேட்கவில்லை.

பிரின்சிபால் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் சமயத்தில் தமிழில் லேபலா, பத்திரிகைக்காரன் பார்த்து எழுதினால் ஆட்கள் வந்து கல்லூரியைக் கொளுத்திவிடுவார்கள் என்றார். அப்படியென்றால் கல்லைத் திரும்ப அந்த விளையிலேயே வைத்துவிடுகிறேன், சந்தேகமில்லாத இடம் அதுதான் என்று சார் சொன்னார். சாந்தமாகத்தான் சொன்னார். அலமாரியைத் திறந்து வைக்க வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. பிரின்சிபாலுக்கு வேறு வழியில்லாமல், லேபல் இங்கிலீஷ், மலையாளம், தமிழ் என்று மூன்று வரியாக எழுதப்பட்டது. எடுத்தவர் என்ற இடத்தில் சார் எழுதியது: எஸ்தர், ஊரார், தங்கையன். என் பெயர் கடைசியில் போனது அன்று எனக்கு முள்ளாகக் குத்தியது. என் வேலை நிரந்தரமான உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் அந்த முள் வெளியே வந்தது. கிரிஸ்டல்களில் ஒன்றை எஸ்தர் அக்காவுக்கே திருப்பிக் கொடுத்தோம்.

அதிலிருந்து யார் நிலத்தில் கால் வைத்தாலும் முதல் நம்பரை அந்த வீட்டுக்காரரைக் கொண்டே எழுத வைப்பேன். ஏன், எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான். நாற்பது வருஷ வேலையில் அதற்குப் பிறகு ஒரு கல்கூட இடம் மாறவில்லை.

பிறகு ஒருநாள் உண்மையான கோடும் போட்டார்கள். தெற்கே சில தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. பாறசாலையும் செங்கலும் எஸ்தர் அக்காவின் கிணறும் அடுக்களையும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. பாக்கியநாதன் இரண்டு மாதம் கடையைத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கு என்ன சொல்வது?

அவரே வந்தார். மியூசியத்தில் அன்று நல்ல கூட்டம், ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகள். தேய்த்த சட்டையும் வேட்டியுமாக அலமாரி முன்னால் நின்று லேபலின் மூன்றாவது வரியை உதடு அசைய வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிள்ளைகளை விலக்கி நான் அவர் பக்கத்தில் போவதற்குள் அவர் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"இது எனக்க மைனிக்க விளையில உள்ளது ஆக்கும்," என்றார். "பகல்ல பச்சை, விளக்குல சிவப்பு. பக்கத்துல வாங்க, சொல்லித் தாறேன்."

பாக்கெட் என்றால் என்ன, தாய்ப்பாறை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு மலையாளத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி விளக்கினார். நடுவில் என்னைக் கண்டு கையை உயர்த்தினார், பேச்சை நிறுத்தவில்லை. அந்தக் கல்லை விளக்கத்தான் எனக்குச் சம்பளம். அன்று நான் ஓரமாக நின்று கேட்டேன். ஒரு கல்லை எடுத்தோம் என்று கணக்கில் எழுதுவது எளிது. எடுத்த ஊர்க்காரன் வந்து அதன் பக்கத்தில் நின்று, இது என்னுடையது என்று நாலு பேருக்குச் சொல்ல முடிந்தால்தான் எடுத்தது சரி. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தையற்காரர். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்ல வேறு ஒன்றுமில்லை.